செம்பும் மழையும் நடத்தும் நாடு: சாம்பியாவுக்கு முதன்முறை செல்வோருக்கான வழிகாட்டி

ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் எட்டு அண்டை நாடுகளுக்கு நடுவே, கடற்கரை என்பதே இல்லாமல், ஏறத்தாழ 7,52,600 சதுர கிலோமீட்டர் பரப்பில் விரிந்து கிடக்கும் நாடு சாம்பியா. வேலைக்காகவோ வணிகத்துக்காகவோ சுற்றுலாவுக்காகவோ அங்கே முதன்முறையாகச் செல்லவிருப்பவர்கள், புறப்படும் முன்பும் போய்ச் சேர்ந்த பின்பும் எவற்றை எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

வெளிநாட்டுப் பயணம் என்றதும் விசாவைப் பற்றி விசாரிப்பதுதான் வழக்கம். சாம்பியாவைப் பொறுத்தவரை, அதற்கு முன்பே செம்பின் விலையையும் அவ்வாண்டு மழையின் நிலவரத்தையும் தெரிந்துகொள்வது நல்லது. கையிலுள்ள டாலருக்கு அந்நாட்டு நாணயமான குவாச்சா எத்தனை கிடைக்கும் என்பதைப் பெரும்பாலும் செம்பு முடிவு செய்கிறது. வீட்டில் எத்தனை மணி நேரம் மின்சாரம் இருக்கும், சோள மாவு என்ன விலைக்கு விற்கும், காட்டுச் சாலைகளில் வண்டி போகுமா, விக்டோரியா அருவியில் தண்ணீர் விழுமா என்பவற்றை மழை முடிவு செய்கிறது. இவ்விரண்டையும் கவனித்துத் திட்டமிடுபவருக்கு மற்றவை பெரும்பாலும் எளிதாகவே அமையும்.

முதற்படி: நாட்டின் பொருளாதாரத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

பிரிட்டிஷ் ஆட்சியில் வடக்கு ரொடீசியா என்றழைக்கப்பட்ட இந்நாடு 1964 அக்டோபர் 24 அன்று விடுதலை பெற்றது. முதல் அதிபரான கென்னத் கவுண்டா 1991 வரை ஆட்சியில் இருந்தார். விடுதலையின்போது செம்பு நல்ல விலைக்குப் போய்க்கொண்டிருந்ததால், கண்டத்தின் வளமான நாடுகளில் ஒன்றாகவே சாம்பியா தன் பயணத்தைத் தொடங்கியது. 1960களின் இறுதியில் சுரங்கங்களின் பெரும்பங்கை அரசு தன் வசம் எடுத்துக்கொண்டது. அடுத்த சில ஆண்டுகளிலேயே, 1970களின் நடுவில், உலகச் சந்தையில் செம்பு விலை சரிந்தது. விலை மீண்டும் ஏறிவிடும் என்ற நம்பிக்கையில் வாங்கிய கடன் குவிந்துகொண்டே போக, அடுத்த இருபது ஆண்டுகள் சரிவிலேயே கழிந்தன. 1990களின் இறுதியில் சுரங்கங்கள் மீண்டும் தனியாருக்கு விற்கப்பட்டன.

2005ஆம் ஆண்டுவாக்கில் ஏழை நாடுகளுக்கான கடன் தள்ளுபடித் திட்டத்தில் பெரும்பகுதிக் கடன் நீங்கியது. அதன் பிறகு நாடு மீண்டும் கடன் சந்தைக்குப் போனது: 2012, 2014, 2015 ஆகிய மூன்று ஆண்டுகளில் மட்டும் 300 கோடி டாலருக்கு வெளிநாட்டுக் கடன் பத்திரங்கள் விற்கப்பட்டன, சாலைகளுக்காகவும் மின் திட்டங்களுக்காகவும் சீனாவிடமிருந்தும் பெருந்தொகை வாங்கப்பட்டது. 2020 நவம்பரில் வட்டித் தவணையைச் செலுத்த முடியாமல், பெருந்தொற்றுக் காலத்தில் வெளிநாட்டுக் கடனில் தவணை தவறிய முதல் ஆப்பிரிக்க நாடாகச் சாம்பியா ஆனது. 2021 ஆகஸ்டுத் தேர்தலில் வென்று அதிபரான ஹகாய்ண்டே ஹிச்சிலேமாவின் அரசு, 2022இல் பன்னாட்டு நாணய நிதியத்தின் 130 கோடி டாலர் திட்டத்தைப் பெற்றது. 2023இல் கடன் கொடுத்த அரசுகளோடும் 2024இல் பத்திரம் வைத்திருந்தவர்களோடும் கடனைச் சீரமைக்க உடன்பாடு கண்டது.

இவ்வளவு வரலாறு பயணிக்கு எதற்கு என்று தோன்றலாம். நாட்டின் ஏற்றுமதி வருவாயில் ஏறத்தாழ 70 விழுக்காடு செம்பிலிருந்தே வருகிறது. அதனால் லண்டன் உலோகச் சந்தையில் செம்பு விலை அசைந்தால் தலைநகர் லுசாக்காவில் வீட்டு வாடகையும் பெட்ரோல் விலையும் இறக்குமதி அரிசியின் விலையும் சேர்ந்தே அசைகின்றன. 2024இல் வறட்சியும் சேர்ந்துகொள்ள, ஒரு டாலருக்கு 25 குவாச்சாவுக்கும் மேல் கொடுக்க வேண்டியிருந்தது. 2025இல் நாணயம் கணிசமாக மீண்டது. ஆகவே ஆறு மாதத்துக்கு முந்தைய விலைப்பட்டியலை வைத்துக்கொண்டு செலவுக் கணக்குப் போடாதீர்கள். சம்பளத்தையோ வாடகையையோ பேசும்போது அது டாலரிலா குவாச்சாவிலா, குவாச்சா என்றால் எந்த மாற்று விகிதத்தில் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். புதிதாக வருவோருக்கு நான் தரக்கூடிய பொருளாதார அறிவுரைகளில் இதுவே முதன்மையானது.

2024இல் ஏறத்தாழ 8 லட்சத்து 20 ஆயிரம் டன் செம்பு உற்பத்தியானது. 2030களின் தொடக்கத்துக்குள் அதை 30 லட்சம் டன்னாக உயர்த்தப்போவதாக அரசு சொல்கிறது. இலக்கு மிகப் பெரியது, அதை அடைவது எளிதல்ல. ஆனால் அதன் பெயரால் நடக்கும் முதலீடு உண்மையானது. கிட்வே, சிங்கோலா, முஃபுலிரா, லுவான்ஷியா ஆகிய ஊர்களைக் கொண்ட பழைய செம்பு மண்டலத்தைக் காட்டிலும், மேற்கே சோல்வேசியைச் சுற்றியுள்ள கன்சான்ஷி, லும்வானா, சென்டினல் ஆகிய சுரங்கங்களிலேயே இன்று உற்பத்தி அதிகம். பழைய மண்டலத்தின் பெரிய நிறுவனமான கொங்கோலா செம்புச் சுரங்கத்தைத் தூத்துக்குடியில் செம்பு ஆலை நடத்திய வேதாந்தா குழுமம் 2004இல் வாங்கியது; 2019இல் சாம்பிய அரசு அதை, நிறுவனத்தை மூடிக் கணக்கு முடிக்கும் தற்காலிகக் கலைப்பாளரிடம் ஒப்படைத்து, நீண்ட வழக்குக்குப் பின் 2024இல் வேதாந்தாவுக்கே திருப்பிக் கொடுத்தது. சுரங்கத் தொழில் தரும் வேலையோடு அதன் கேடும் அங்கே கண்கூடு. 2025 பிப்ரவரியில் சாம்பிஷிக்கு அருகே சீன நிறுவனம் ஒன்றின் கழிவுத் தேக்கம் உடைந்து அமில நீர் கஃபுவே ஆற்றில் கலந்தது. கிட்வே நகரின் குடிநீர் வழங்கலே நின்றுபோனது.

செம்பு வருமானம் ஊர்ப்புறம்வரை போய்ச் சேர்வதில்லை. 2022ஆம் ஆண்டின் வாழ்நிலைக் கணக்கெடுப்பு மக்களில் 60 விழுக்காட்டினரை வறுமைக் கோட்டுக்குக் கீழ் காட்டியது. ஊர்ப்புறங்களில் இது இன்னும் அதிகம். அங்கே பெரும்பாலோர் மழையை நம்பிச் சோளம் விதைக்கும் சிறு விவசாயிகள். 2023–24 பருவத்தில் மழை பொய்த்து விளைச்சல் முந்தைய ஆண்டின் பாதிக்கும் கீழே போனபோது, 2024 பிப்ரவரி 29 அன்று அரசு தேசியப் பேரிடரை அறிவித்தது. அடுத்த பருவத்தில் நல்ல மழை பெய்ததும் 36 லட்சம் டன்னுக்கு மேல் சோளம் விளைந்தது. சோள மாவின் விலை அங்கே ஆட்சியையே ஆட்டக்கூடியது: மாவு விலையை உயர்த்தியதால் 1986இலும் 1990இலும் கலவரங்கள் வெடித்தன.

இரண்டாம் படி: எந்த மாதம் போவது

மே முதல் ஆகஸ்டு வரை குளிர்ந்த, மழையற்ற பருவம். லுசாக்கா ஏறத்தாழ 1,280 மீட்டர் உயரத்தில் இருப்பதால் ஜூன், ஜூலை இரவுகளில் வெப்பநிலை 10 பாகைக்கும் கீழே இறங்கும். ஆப்பிரிக்கா என்றால் வெயில் என்று நினைத்துப் பருத்திச் சட்டைகளோடு மட்டும் வந்து இறங்குபவர்கள் முதல் வேலையாகக் கம்பளிச் சட்டை வாங்கப் போவதைப் பார்க்கலாம். செப்டம்பர், அக்டோபர் கடும் வெயில். நவம்பர் முதல் ஏப்ரல் வரை மழை.

விலங்குகளைக் காண விரும்புவோருக்கு ஜூலை முதல் அக்டோபர் வரை ஏற்றது. புல் காய்ந்து, நீர்நிலைகள் சுருங்கி, விலங்குகள் ஆற்றோரம் வந்து சேரும். அருவியை முழு வேகத்தில் பார்க்க விரும்புவோர் மார்ச் முதல் மே வரை செல்ல வேண்டும். இரண்டையும் ஒரே பயணத்தில் ஓரளவாவது காண ஜூன், ஜூலை மாதங்களே தக்கவை. ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஆகஸ்டு மாதத்தில் பொதுத்தேர்தல் நடக்கும். 2021க்கு அடுத்தது 2026. தேர்தல் மாதத்தில் வேலை நிமித்தமாகச் செல்வோர் அலுவலகக் கோப்புகள் நகரும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

மூன்றாம் படி: ஆவணங்கள், தடுப்பூசி, மருந்துப் பை

எந்த நாட்டுக் கடவுச்சீட்டுக்கு விசா தேவை, எதற்குத் தேவையில்லை என்ற பட்டியலைச் சாம்பியா 2022 முதல் பலமுறை விரித்து வந்திருக்கிறது. எனவே பயணமுகவர் சொல்வதையோ நண்பரின் பழைய அனுபவத்தையோ நம்பாமல், சாம்பியக் குடிவரவுத் துறையின் அதிகாரபூர்வ இணையதளத்தில் உங்கள் கடவுச்சீட்டுக்கான விதியைப் பார்த்துவிட்டே விமானச்சீட்டு வாங்குங்கள். அருவியின் இருபுறத்தையும் பார்க்க நினைப்பவர்களுக்கு, சாம்பியாவுக்கும் சிம்பாப்வேக்கும் சேர்த்து 50 டாலருக்கு வழங்கப்படும் ‘காசா’ பொது விசா மிகவும் பயன்படும். தகுதியுள்ள நாட்டவர் 30 நாட்களுக்குள் எல்லையை விரும்பியபடி கடந்து வரலாம். போட்ஸ்வானாவுக்குக் காலையில் போய் மாலையில் திரும்பவும் அது செல்லும்.

சுற்றுலாவாக வந்து அங்கேயே வேலை தேடிக்கொள்ளலாம் என்று சொல்லும் முகவர்களை விட்டு விலகுங்கள். வணிகச் சந்திப்புக்காக வருபவருக்கு ஓர் ஆண்டில் 30 நாட்களே அனுமதி. சம்பளத்துக்கு வேலை செய்வதென்றால், ஆறு மாதம் வரையான வேலைக்குத் தற்காலிக அனுமதியும் அதற்கு மேற்பட்டதற்கு வேலை அனுமதியும் வேலை கொடுப்பவர் மூலமாகப் பெறப்பட வேண்டும். அனுமதியின் நகலைக் கண்ணால் பார்க்காமல் ஊரில் வேலையை விட்டுவிட வேண்டாம்; ஐயமிருந்தால் லுசாக்காவிலுள்ள இந்தியத் தூதரகத்துக்கு எழுதிக் கேளுங்கள்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். சிக்கல் பெரும்பாலும் எழுவது ஊர் திரும்பும் வழியில். அடிஸ் அபாபா, நைரோபி வழியாக விமானம் பிடிப்போர், அங்கே இணைப்பு விமானத்துக்காக நீண்ட நேரம் காத்திருக்க நேர்ந்தால், எத்தியோப்பியாவும் கென்யாவும் அந்நோய் உள்ள நாடுகளின் பட்டியலில் இருப்பதால், இந்தியா திரும்பும்போது சான்றிதழ் கேட்கப்படும். இல்லையென்றால் தனிமைப்படுத்தவும் விதி இடம் தருகிறது. தடுப்பூசி போட்ட பத்தாம் நாளிலிருந்தே சான்றிதழ் செல்லும் என்பதால் கடைசி வாரத்துக்கு இதை ஒத்திப்போடக் கூடாது. சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் இதைப் போட்டுக்கொள்ளலாம்.

மலேரியா நாடு முழுவதும், ஆண்டு முழுவதும் உண்டு. குறுகிய காலம் செல்வோர் மருத்துவரிடம் கேட்டுத் தடுப்பு மாத்திரை எடுத்துக்கொள்வது நல்லது. ஊர் திரும்பிய சில மாதங்களுக்குள் காய்ச்சல் வந்தால் சாம்பியா போய் வந்ததை மருத்துவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும். 2023 இறுதியில் தொடங்கிய காலரா 700க்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்தது. மழைக்காலத்தில் கொதிக்க வைத்த நீரையே குடியுங்கள்.

மருந்துப் பையைக் கட்டும்போது ஓர் எச்சரிக்கை. நம் வீடுகளில் சளி, அரிப்பு, தூக்கமின்மைக்குச் சாதாரணமாக வைத்திருக்கும் டைஃபென்ஹைட்ரமின் கலந்த மருந்துகள் அங்கே கட்டுப்படுத்தப்பட்ட பொருளாகக் கருதப்படுகின்றன. அவற்றை வைத்திருந்ததற்காக வெளிநாட்டவர் கைதானதும் உண்டு. இருமல் மருந்துப் புட்டியின் பின்பக்கச் சிறிய எழுத்தைப் படித்துப் பார்த்து, அப்பெயர் இருந்தால் வீட்டிலேயே வைத்துவிடுங்கள். மற்ற மருந்துகளை மருத்துவரின் சீட்டோடு, பெட்டி பிரிக்காமல் கொண்டு செல்லுங்கள். ராணுவச் சீருடை போன்ற புள்ளியிட்ட உடைகளையும் எடுத்துச் செல்லக் கூடாது. பொதுமக்கள் அவற்றை அணிவது குற்றம்.

நான்காம் படி: லுசாக்காவில் இறங்கியதும்

நகரின் விமான நிலையம் கென்னத் கவுண்டாவின் பெயரைத் தாங்கியது; இதன் புதிய முனையம் 2021இல் திறக்கப்பட்டது. துபாய், தோஹா, அடிஸ் அபாபா, நைரோபி, ஜொகன்னஸ்பர்க் வழியாக இங்கே வரலாம். நேரம் இந்தியாவைவிட மூன்றரை மணி நேரம் பின்தங்கியது. வண்டிகள் நம் ஊரைப் போலவே சாலையின் இடப்பக்கம் செல்லும். மின்செருகி பிரிட்டனில் உள்ள தட்டையான மூன்று முள் வகை.

முதல் வேலை சிம் அட்டை. கடவுச்சீட்டைக் காட்டிப் பதிவு செய்துதான் வாங்க வேண்டும், ஏர்டெல், எம்.டி.என்., சாம்டெல் ஆகிய மூன்றும் பரவலானவை. அதே எண்ணில் கைபேசிப் பணக் கணக்கையும் திறந்துவிடுங்கள். நாட்டின் அன்றாட வரவுசெலவு இதில்தான் ஓடுகிறது. எந்தத் தெருமுனையிலும் சிவப்பு, மஞ்சள், பச்சை வண்ணங்களில் ஆளுயரச் சிறு பெட்டிக்கடைகளைக் காணலாம். உள்ளே ஒரு நாற்காலியும் ஒரு பதிவேடும் இரண்டு மூன்று பழைய கைபேசிகளுமாக ஒருவர் அமர்ந்திருப்பார். நோட்டைக் கொடுத்து எண்ணைச் சொன்னால், உங்கள் பெயர் அவர் திரையில் வரும். பெயர் சரிதானா என்று அவர் உரக்கக் கேட்டு, நீங்கள் ஆமென்ற பின்பே அனுப்புவார். செய்தி உங்கள் கைபேசிக்கு வந்து சேரும்வரை அங்கேயே நில்லுங்கள். அவரும் அதையே எதிர்பார்ப்பார். தக்காளி விற்கும் பெண்மணி முதல் வாடகை வண்டிக்காரர் வரை எல்லோருக்கும் இப்படியே பணம் கொடுக்கலாம்.

டாலர் நோட்டுகளைப் புதியனவாக, மடிப்பும் கிறுக்கலும் இல்லாதனவாகக் கொண்டு வாருங்கள். பழைய வெளியீடுகளை நாணய மாற்றுக் கடைகள் வாங்குவதில்லை அல்லது குறைத்தே கொடுக்கின்றன. 5,000 டாலருக்கு மேல் கையில் இருந்தால் சுங்கத்தில் அறிவிக்க வேண்டும். 2025இல் புதிய குவாச்சா நோட்டுகள் வெளியாகி, பழையவை திரும்பப் பெறப்பட்டுவிட்டதால், முன்பு சென்று வந்த நண்பர் அன்போடு கொடுத்தனுப்பும் பழைய நோட்டுகளை நம்பிப் போகாதீர்கள். வங்கிக் கணக்கு தேவைப்படுவோருக்கு, சாம்பிய அரசும் இந்தியாவின் மூன்று பொதுத்துறை வங்கிகளும் சேர்ந்து 1984இல் தொடங்கிய இந்தோ சாம்பியா வங்கி ஒரு நல்ல தொடக்கம்.

நகரின் நடுநரம்பு கெய்ரோ சாலை. அதற்கு அருகிலுள்ள கம்வாலா, காலனிக் காலம் முதலே இந்திய வணிகர்கள் கடை வைத்திருந்த பகுதி. துணி, பாத்திரம், பருப்பு, மசாலா எல்லாம் அங்கே கிடைக்கும். சாம்பியாவின் இந்திய வம்சாவளியினரில் பெரும்பாலோர் குஜராத்திகள்; தமிழர்கள் பெரும்பாலும் விடுதலைக்குப் பிந்தைய பத்தாண்டுகளில் ஆசிரியர்களாகவும் மருத்துவர்களாகவும் பொறியாளர்களாகவும் தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்தவர்கள். நடுத்தர வயதைக் கடந்த சாம்பியர் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தால், தனக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்த இந்திய அல்லது இலங்கை ஆசிரியரைப் பற்றி அவர் சொல்லத் தொடங்குவது அரிதல்ல.

ஐந்தாம் படி: குடியிருக்க வருவோர் கவனிக்க வேண்டியவை

வீடு பார்க்கும்போது அறைகளை எண்ணுவதற்கு முன் மின்சாரத்தையும் தண்ணீரையும் பாருங்கள். நாட்டின் மின்திறனில் எண்பது விழுக்காட்டுக்கும் மேல் நீர்மின்சாரமாகவே இருந்து வந்தது. சாம்பேசி ஆற்றின் குறுக்கே சிம்பாப்வேயோடு பகிர்ந்துகொள்ளும் கரிபா அணையும், கஃபுவே பள்ளத்தாக்கின் நிலையங்களும் அதன் அடித்தளம். 1950களின் இறுதியில் கட்டி முடிக்கப்பட்ட கரிபாவுக்காக ஏறத்தாழ 57,000 தோங்கா மக்கள் தம் ஆற்றங்கரை ஊர்களை விட்டு அகற்றப்பட்டார்கள். 2024 வறட்சியில் அந்த மாபெரும் நீர்த்தேக்கத்தில் மின்னுற்பத்திக்குப் பயன்படும் நீர் ஏறக்குறைய தீர்ந்தே போக, நகரங்களில்கூட நாளுக்கு மூன்று நான்கு மணி நேரமே மின்சாரம் வந்தது. முடி திருத்தகங்களும் பற்றவைப்புப் பட்டறைகளும் மாவு ஆலைகளும் இரவு மின்சாரம் வரும் நேரத்துக்காகக் காத்திருந்து வேலை செய்தன.

மழை நன்றாகப் பெய்த ஆண்டிலும் இன்வெர்ட்டரோ சூரியப் பலகையோ உள்ள வீட்டையே தேர்ந்தெடுங்கள். ஆழ்துளைக் கிணறு இருந்தால், அதன் மோட்டாரும் அந்த மின்சாரத்தில் ஓடுமா என்று கேளுங்கள். இந்தக் கேள்வியைக் கேட்க மறப்பவர்களே அதிகம். சமையலுக்கு எரிவாயு அடுப்பும் உருளையும் தனியே வைத்துக்கொள்வது நல்லது.

வேலை ஒப்பந்தத்தில் சில பிடித்தங்களை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். ஓய்வூதிய நிதிக்குத் தொழிலாளர் 5 விழுக்காடும் நிறுவனம் 5 விழுக்காடும், தேசிய மருத்துவக் காப்பீட்டுக்கு ஒவ்வொருவரும் 1 விழுக்காடும் செலுத்துவர். வருமானவரி மேல்படியில் 37 விழுக்காடு. 2019ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின்படி நீண்டகால ஒப்பந்தத்தின் முடிவில், ஈட்டிய அடிப்படைச் சம்பளத்தில் 25 விழுக்காட்டுக்குக் குறையாத பணிக்கொடை உண்டு. பேசி முடிக்கும்போதே இதைக் கேட்டு எழுதி வாங்குங்கள். தொழில் தொடங்குவோர் நிறுவனப் பதிவகத்தில் பெயரைப் பதிந்து, வருவாய்த் துறையிடம் வரி எண் பெற்று, அதன்பின் தொழிலுக்கேற்ற உரிமங்களுக்குப் போக வேண்டும்; மதிப்புக் கூட்டு வரி 16 விழுக்காடு.

ஆறாம் படி: உணவும் மரியாதையும்

சாம்பியரின் சாப்பாடு என்றால் ன்ஷிமா. வெள்ளைச் சோள மாவைக் கொதிநீரில் கொட்டி, கட்டையால் கிளறிக் கிளறி இறுக்கி எடுக்கும் இது, நம் கேழ்வரகுக் களியின் வெள்ளை நிறத் தங்கை என்று சொல்லத்தக்கது. சாப்பிடுமுன் கிண்ணத்தில் நீர் கொண்டுவந்து கைமீது ஊற்றுவார்கள். வலக்கையால் சிறிது கிள்ளி, உள்ளங்கையில் உருட்டி, கட்டைவிரலால் குழித்து, அக்குழியில் குழம்பையோ கீரையையோ அள்ளிச் சாப்பிட வேண்டும். கையால் சாப்பிட்டுப் பழகிய நமக்கு இது ஒரு வாயில் வந்துவிடும். முள்கரண்டி தேடும் வெளிநாட்டவர் நடுவே நீங்கள் உருட்டிச் சாப்பிடுவதைப் பார்த்தால் வீட்டுக்காரர்களின் முகம் மலரும்.

மரக்கறி மட்டும் உண்போருக்குப் பூசணி இலையும் வேர்க்கடலைப் பொடியும் சேர்த்து வேகவைக்கும் இஃபிசாஷி நல்ல துணை. பீன்ஸ் குழம்பும் எங்கும் கிடைக்கும். மீன் உண்போர் கப்பெண்டா என்னும் சிறு கருவாட்டைத் தக்காளி, வெங்காயத்தோடு வதக்கிச் சாப்பிடலாம். மோப்பனே மரத்துப் புழுவைக் காயவைத்துப் பொரித்தும் உண்கிறார்கள்; வேண்டாமென்றால் புன்னகையோடு மறுக்கலாம், முகம் சுளிப்பது மட்டும் கூடாது.

ஆங்கிலமே ஆட்சிமொழி. என்றாலும் லுசாக்காவில் நியாஞ்சாவும் செம்பு மண்டலத்தில் பெம்பாவும் தெருமொழிகள். கடையிலோ அலுவலகத்திலோ நேரடியாக விஷயத்துக்கு வருவது மரியாதைக் குறைவு. ‘முலி ப்வாஞ்சி’ என்று நலம் கேட்டு, ‘ப்வினோ’ என்ற பதிலைப் பெற்ற பின்பே பேச்சைத் தொடங்க வேண்டும். பெம்பா பேசும் ஊர்களில் ‘முலி ஷானி’. பொருளைக் கொடுக்கும்போதும் வாங்கும்போதும் வலக்கையை நீட்டி, இடக்கையால் முழங்கையைத் தாங்குவது பெரியவர்களுக்குச் செய்யும் மரியாதை. காவல் சாவடிகளில் இந்த நலம் விசாரிப்பு ஆவணங்களைக் காட்டிலும் விரைவாக வழி திறப்பதுண்டு. படை முகாம்கள், அரசு மாளிகைகள், பாலங்கள் போன்றவற்றைப் படம் எடுக்காதீர்கள்.

ஏழாம் படி: நாட்டுக்குள் பயணம்

நகருக்குள் நீலநிறச் சிற்றுந்துகள் ஆள் நிரம்பிய பின்பே புறப்படும். நேரம் முக்கியமென்றால் கைபேசிச் செயலி வழியாக வாடகை வண்டி அழையுங்கள். வெளியூர்ப் பேருந்துகள் லுசாக்காவின் மைய நிலையத்திலிருந்து கிளம்புகின்றன. லிவிங்ஸ்டனுக்கு ஏறத்தாழ 480 கிலோமீட்டர், இந்தோலாவுக்கு 320, மலாவி எல்லையிலுள்ள சிப்பாட்டாவுக்கு 570. விடிகாலை வண்டியையே பிடியுங்கள். இரவில் சாலையோரம் விளக்கில்லாமல் நிற்கும் சரக்கு வண்டிகளும், குழிகளும், குறுக்கே வரும் கால்நடைகளுமே அங்கே பயணிகளின் உண்மையான ஆபத்து. சிங்கமும் யானையும் அதற்குப் பிறகுதான்.

வடக்கே கப்பிரி ம்போஷியிலிருந்து தான்சானியாவின் தாருஸ்ஸலாம் வரை 1,860 கிலோமீட்டர் ஓடும் தசாரா ரயில்பாதை 1970களில் சீனா கட்டிக்கொடுத்தது. வெள்ளையர் ஆட்சியிலிருந்த ரொடீசியா (இன்றைய சிம்பாப்வே) வழியாகச் செம்பை அனுப்ப வேண்டிய கட்டாயத்திலிருந்து விடுபடவே கவுண்டா அதைக் கேட்டுப் பெற்றார். இன்று பாதை பழுதடைந்து, மீண்டும் சீன முதலீட்டில் புதுப்பிக்கப்பட்டு வருகிறது. கால அட்டவணையை நம்பி அதில் பயணத்தை அமைத்துக்கொள்ள வேண்டாம்.

விக்டோரியா அருவிக்கு லிவிங்ஸ்டனே தளம். 1935 வரை நாட்டின் தலைநகரமாக இருந்த ஊர் இது. மோசி-ஓ-துன்யா என்பது அருவியின் உள்ளூர்ப் பெயர். ஏறத்தாழ 1,700 மீட்டர் அகலத்தில், 108 மீட்டர் ஆழத்துக்குச் சாம்பேசி விழுகிறது. ஏப்ரலில் சென்றால் எழும்பும் நீர்த்திவலையில் அருவியே கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். கைபேசியை நீர்புகாப் பையில் போட்டுக்கொண்டு நனைவதற்குத் தயாராகவே நடக்க வேண்டும். அக்டோபர், நவம்பரில் சாம்பியப் பக்கத்துப் பாறைச் சுவரின் பெரும்பகுதி வறண்டு நிற்கும். அப்போது அருவியைக் காண எல்லை தாண்டிச் சிம்பாப்வேக்குத்தான் போக வேண்டும். அதே காலத்தில், ஏறத்தாழ ஆகஸ்டு நடுவிலிருந்து ஜனவரி நடுவரை, அருவி விளிம்பிலேயே உள்ள பாறைக் குளத்தில் வழிகாட்டியின் துணையோடு நீந்தலாம். எனக்கு அந்தத் துணிவு இல்லை, இருப்பவர்களைத் தடுக்கவும் மாட்டேன்.

விலங்குகளுக்குத் தெற்கு லுவாங்வா பூங்காவே முதல் தேர்வு. வண்டியை விட்டு இறங்கி, துப்பாக்கி ஏந்திய காவலர் முன்னே செல்ல, வரிசையாகக் காட்டில் நடந்து விலங்குகளைப் பார்க்கும் முறை 1950களில் நார்மன் காரால் இங்கே தொடங்கப்பட்டது. நீலமும் கறுப்பும் உடுத்தாதீர்கள். கடித்தால் சுள்ளென்று வலிக்கும் செட்சி ஈக்களை அந்நிறங்கள் இழுக்கும். விடுதிகளில் பல மழைக்காலத்தில் மூடிவிடும். ஆற்றோர விடுதிகளில் இருட்டிய பின் அறையிலிருந்து சாப்பாட்டுக் கூடத்துக்குப் போவதானாலும் காவலரை அழைத்துக்கொள்ளுங்கள். நீர்யானைகள் அந்நேரத்தில்தான் மேய்ச்சலுக்குக் கரையேறும்.

கஃபுவே பூங்கா 22,400 சதுர கிலோமீட்டர். பரப்பில் பெரியது, கூட்டம் குறைவு. அக்டோபர் இறுதி முதல் டிசம்பர் வரை கசங்கா பூங்காவின் ஒரு சிறு சதுப்புக் காட்டில் லட்சக்கணக்கான பழந்தின்னி வௌவால்கள் வந்து தங்கும். அந்தி வேளையில் அவை கிளம்பும்போது வானம் கறுத்துவிடும். மேற்கே லோசி மன்னர் வெள்ளச் சமவெளியிலிருந்து மேட்டுநிலத்துக்குக் கறுப்பு வெள்ளைப் பட்டையிட்ட பெரும்படகில் இடம்பெயரும் குவோம்போக்கா விழா, பெரும்பாலும் மார்ச், ஏப்ரலில் நடக்கும். நாள் நீர்மட்டத்தைப் பொறுத்தே குறிக்கப்படுகிறது. நீர் போதாத ஆண்டில் விழா இல்லை. அதை மட்டும் நம்பி விமானச்சீட்டு வாங்க வேண்டாம்.

புறப்படும் முன்

லுஃபுவான்யாமாவின் கஜெம் சுரங்கத்து மரகதங்கள் உலகப் புகழ் பெற்றவை. அவற்றில் பெரும்பகுதி பட்டை தீட்டப்படுவது ஜெய்ப்பூரில். தெருவில் பொட்டலத்தைப் பிரித்துக் காட்டிக் கல் விற்க வருபவரிடம் வாங்காதீர்கள்: போலியென்றால் பணம் போகும், உண்மையென்றால் உரிமமில்லாத கல்லோடு விமான நிலையத்தில் நிற்க நேரும். யானைத் தந்தத்தில் செய்த எதையும் தொடவே வேண்டாம். சித்தெங்கே எனப்படும் வண்ண அச்சுத் துணியும் செம்புத் தகட்டுக் கைவினைப் பொருள்களும் சிக்கலில்லாமல் கொண்டுவரக் கூடியவை.

வேலை முடித்துத் திரும்புவோர் கடைசி மாதத்திலேயே பணிக்கொடைக் கணக்கையும் வரி கழித்த சான்றையும் ஓய்வூதியப் பதிவு எண்ணையும் நிறுவனத்திடம் எழுத்தில் பெற்றுக்கொள்ள வேண்டும். ஊருக்கு வந்தபின் மின்னஞ்சலில் கேட்டு வாங்குவது மிகவும் கடினம். கைபேசிப் பணக் கணக்கில் உள்ள இருப்பை நகரத்திலேயே எடுத்துவிடுங்கள். மிஞ்சிய குவாச்சாவை, குடிவரவுச் சோதனைக்கு உள்ளே போகும் முன்பே டாலராக மாற்றிக்கொள்ளுங்கள். எல்லை தாண்டினால் அந்த நோட்டை வாங்க ஆளில்லை.